அக்கா லாரி, தங்கை விமானம்

பொறாமை எதைத் தின்று வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியின் நகையைப் பார்த்து வேகுவாள். இன்னொருத்தி ஓரகத்தியின் புதுச் சமையலறையைப் பார்த்து வேகுவாள். பெரியவள் வெந்தது, தன் தங்கையின் நெஞ்சில் ஒட்டிய ஒயர்களை நினைத்து.

பெரியவள், சின்னவள் என்றுதான் வீட்டில் பெயர். பெரியவள் சிமெண்ட் மூட்டை ஏற்றும் நீள லாரி ஓட்டுகிறாள். சின்னவள் விமானம் ஓட்டுகிறாள். தோளில் மூன்று கோடு போட்ட துணை விமானி. நாலாவது கோடு வந்துவிட்டால் கேப்டன்.

ஒரு காலத்தில் அந்தத் தெருவுக்கே அதிசயம் பெரியவள்தான். அவள் முதன்முதலாக லாரியைக் கொண்டுவந்து தெருமுனையில் நிறுத்திய அன்று, ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். "பொம்பளையா ஓட்டிட்டு வந்தது?" என்று கேட்டவர்களிடம் அம்மா, "வேற யாரு? எம்பொண்ணு!" என்று தலையை நிமிர்த்திக்கொண்டாள். லாரிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அவள் நிற்கிற போட்டோவைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார்கள். வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். சில வருடம் அப்படி ராணிபோல இருந்தாள்.

அப்புறம் சின்னவள் பறக்கக் கற்றுக்கொண்டாள். விமானத்தின் மூக்குக்குக் கீழே தொப்பியும் கையுமாக அவள் சிரிக்கிற போட்டோ வந்தது. ஹாலில் ஒரே ஆணிதான். அம்மா யோசிக்கவே இல்லை. பெரியவளின் லாரி, குளியலறைக்குப் போகிற நடைக்கு மாறிவிட்டது. துண்டும் சோப்புமாகப் போகிறவர்கள் மட்டும் பார்க்கிற இடம். தெருவிலும் அவள் பெயர் மாறிப்போனது. "லாரி ஓட்டுதே, அந்தப் பொண்ணு" என்றிருந்தவள், "பைலட்டோட அக்கா" ஆனாள்.

தங்கைமேல் பாசம் இல்லையா என்றால், இருந்தது. பாசம் ஒரு பக்கம் இருக்க, வயிறு ஒரு பக்கம் எரிந்துகொண்டே இருந்தது. அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் சாப்பிட்டு முடித்து எல்லோரும் சோபாவில் சாய்ந்திருந்தார்கள். சின்னவள் மருத்துவத் தகுதிச் சோதனைக்குப் போய்வந்த கதையைச் சொன்னாள்.

"படுக்க வச்சு, நெஞ்சுல, கையில, கால்ல எல்லாம் ஒயர் ஒட்டி, இதயத்தைக் கோடு கோடா எடுத்துடுவாங்கம்மா. கண்ணாடி ரூம்ல உட்கார வச்சு காது டெஸ்ட் தனி. அரை நாள் ஆயிடும்."

"தங்கமாப் பார்த்துக்கறாங்க!" என்று அம்மா பூரித்தாள். பிறகு ஒப்புக்குத் திரும்பி, "உனக்கும் இதெல்லாம் பண்ணுவாங்களாடி?" என்றாள்.

"ஏன், எனக்கு மட்டும் இதயம் இல்லையா? எல்லாம் பண்ணுவாங்க" என்றாள் பெரியவள்.

பச்சைப் பொய். அவளுக்குப் பண்ணுகிற சோதனை என்ன என்று அவளுக்குத்தானே தெரியும். உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் ஒரு டாக்டர். ஓட்டுநர்களுக்குச் சான்றிதழ் கொடுத்துக் கொடுத்தே அவருக்கு 'லாரி டாக்டர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. சுவரில் எழுத்துப் பலகை. சிவப்பு, பச்சை, மஞ்சள் எது எது என்று சொல்ல வேண்டும். குறட்டைக்காரியா என்று கண்டுபிடிக்கக் கழுத்தைச் சுற்றி ஒரு டேப். கையில் ரத்த அழுத்தப் பட்டை. மூத்திரம் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் குவளை. காது டெஸ்ட்டுக்கு அவர் நாலடி தள்ளி நின்று, வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுப்பார். கேட்டதைத் திருப்பிச் சொன்னால் காது நல்ல காது. கீழே கடையில் இரும்பு உருளுகிற சத்தத்தில் அதைக் கேட்டுவிட்டால் உண்மையிலேயே நல்ல காதுதான்.

ஒயர் கிடையாது. அதுதான் அவளைக் குடைந்தது. ஆகாயத்தில் போகிறவளின் இதயம் மட்டும் உசத்தியா? சாலையில் போகிறவளின் இதயம் என்ன, மாவு அரைக்கிற கல்லா?

அவளுடைய சான்றிதழ் முடிகிற மாதம் வந்தது. சக ஓட்டுநர் ஒருவனும் அன்றைக்குப் புதுப்பிக்க வந்திருந்தான். தொண்டை பெரிது என்பதால் அவனுக்கு 'ஹாரன்' என்று பட்டப்பெயர். பெஞ்சில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தான். டாக்டர் பெரியவளின் முழங்காலில் தட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"அவ்வளவுதானா டாக்டர்? ஈசிஜி எடுக்கலையா?"

"எதுக்கும்மா? நெஞ்சு வலிக்குதா?"

"இல்லை."

"மயக்கம், படபடப்பு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை."

"பின்னே?"

"பைலட்டுக்கெல்லாம் எடுக்கறாங்களே."

டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீ பைலட்டா?"

"நான் ஓட்டறதும் கனமான வண்டிதான் டாக்டர். முன்னாடி போற காரும் ஸ்கூட்டரும் ஆளுங்க இல்லையா? அவங்க உயிர் என்ன மட்டமா?"

பெஞ்சிலிருந்து ஹாரன் ஊதினான். "எடுத்து விட்டுடுங்க டாக்டர்! தங்கச்சிக்கு எடுத்து இவங்களுக்கு எடுக்கலேன்னா, அக்கா சாப்பிட மாட்டாங்க!"

"உன் வாயை ஊசி போட்டுத் தைக்கச் சொல்றேன் இரு" என்றாள் பெரியவள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "விதி கேட்கிறதை நான் பார்த்துட்டேன். நீ பாஸ். விதி கேட்காததை நாமளாப் போய் எதுக்கும்மா தோண்டணும்? எடுத்துட்டா, அப்புறம் பார்க்காத மாதிரி நான் இருக்க முடியாது. யோசிச்சுக்கோ."

யோசிக்க என்ன இருக்கிறது? பொறாமைக்குக் காது ஏது? அவள் பிடிவாதமாகப் போய்த் திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டாள். உதவிக்கு இருந்த நர்ஸ் வந்து குளிர்ந்த பசையைத் தடவி ஒயர்களை ஒட்டினாள். பெரியவள் கூரையைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோபாவில் சாய்ந்துகொண்டு, "ஈசிஜியா? அது எனக்கும் எடுத்தாங்களே" என்று சொல்லும்போது அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று கற்பனை ஓடியது. தன் வயிற்றில் தானே கத்தியைச் செருகிக்கொண்டு சிரித்த பெண்ணை நீங்கள் பார்த்ததுண்டா? அவள்தான் இவள்.

இயந்திரம் காகிதத்தைத் துப்பியது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மறுபடி பிடித்தார்.

"உன் அப்பா இருக்காராம்மா?"

"தூக்கத்துலயே போயிட்டாரு. ஓய்வில்லாம உழைச்சதுதான்னு சொன்னாங்க."

"என்ன வயசு அப்போ?"

"என் வயசு இருக்கும்" என்று சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது.

கையெழுத்துப் போடாமலே பேனாவுக்கு மூடி போட்டுவிட்டார் டாக்டர்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இதய மருத்துவர் ஓர் இளம்பெண். திரையில் துடித்துக்கொண்டிருந்த சாம்பல்நிறப் பொட்டலத்தைக் காட்டி நிதானமாக விளக்கினாள். "இது உங்க இதயத்தோட சுவர். இந்த இடத்துல தடிச்சுப் போயிருக்கு. ரத்த வழியா வர்றது. அனேகமா உங்க அப்பாகிட்ட இருந்து வந்திருக்கும். மாத்திரை சாப்பிட்டுட்டு ரொம்ப நாள் நல்லா இருக்கலாம். ஆனா எப்பவாவது துடிப்பு தாளம் தப்பினா, ஸ்டியரிங்கைப் பிடிச்சபடியே மயங்கிடுவீங்க. கனரக வண்டிக்குச் சான்றிதழ் கொடுக்க வழியில்லைங்க."

பெரியவள் பையிலிருந்த லாரிச் சாவியைத் தடவிப் பார்த்தாள். தங்கையைப் பார்த்துப் பொருமிப் பொருமி, கடைசியில் தன் வண்டியைத் தானே தொலைத்திருக்கிறாள். பேசாமல் பாஸ் வாங்கிக்கொண்டு படியிறங்கியிருந்தால் இந்நேரம் நெடுஞ்சாலையில் இருப்பாள். எங்கேயாவது மயங்கி எத்தனை பேரைக் கொன்றிருப்பாளோ, அது வேறு விஷயம். அன்றைக்கு அந்த நியாயமெல்லாம் அவள் மண்டையில் ஏறவில்லை.

"கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்றாள் மருத்துவர்.

"ஒரு தங்கச்சி."

"அவங்களுக்கும் இந்த ஸ்கேன் கட்டாயம் எடுக்கணும். இருக்கவும் வாய்ப்பு இருக்கு, இல்லாமப் போகவும் வாய்ப்பு இருக்கு. சரிக்குச் சரி."

"அவளுக்கு வருஷா வருஷம் ஈசிஜி எடுக்கறாங்களே. நல்லாத்தான் இருக்காம்."

"சில பேருக்கு ஆரம்பத்துல ஈசிஜி நல்லாவே இருக்கும். ஸ்கேன்தான் உறுதியாச் சொல்லும். உடனே சொல்லிடுங்க."

அந்த நொடியில் பெரியவளின் நெஞ்சில் ஏதோ தித்தித்தது. ஆமாம், தித்தித்தது. 'அவளும் இறங்குவாள்.' தேன் சொட்டியதுபோல ஒரு நினைப்பு. அடுத்த நொடி அது என்னவென்று புரிந்தது. எழுந்து ஓடி, ஆஸ்பத்திரிக் கழிவறைக் குழாயடியில் முகத்தை மாறி மாறி அடித்துக் கழுவினாள். கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "ச்சீ, நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்றாள் அதனிடம்.

பெரியவளின் கணவர் கதவு, மேஜைகளுக்குப் பாலிஷ் போடுகிறவர். அதிகம் பேசமாட்டார். உப்புத்தாளால் ஒரு பலகையைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"சொல்லிடு" என்றார்.

"எப்படிங்க சொல்வேன்? கேப்டன் பயிற்சிக்கு இப்பத்தான் அவளைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. இந்த நேரத்துல போய் இதைச் சொன்னா, பொறாமை பிடிச்சவ, தான் விழுந்த குழியில தங்கச்சியையும் இழுக்கறான்னு சொல்ல மாட்டாங்களா?"

"நீ பொறாமை பிடிச்சவதானே?"

"நீங்களுமா?"

"தெருவுக்கே தெரிஞ்சதை நான் மறைச்சு என்ன ஆகப் போகுது? நீ பொறாமைக்காரிங்கறதால ஸ்கேன் பொய் ஆயிடுமா?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் வாய் வரவில்லை. போனை எடுப்பாள். "என்னக்கா?" என்று சின்னவளின் குரல் கேட்டதும், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். பிறந்ததிலிருந்து அக்கா இத்தனை முறை சாப்பிட்டியா என்று கேட்டதில்லை. சின்னவளே பயந்துபோய், "அத்தான், அக்கா நல்லாத்தானே இருக்கா?" என்று விசாரித்தாளாம்.

கம்பெனியில் பெரியவளைக் கிடங்கு முற்றத்தில் போட்டார்கள். எந்த லாரி எந்தக் கதவுக்குப் பின்வாங்கி நிற்க வேண்டும் என்று கைகாட்டுகிற வேலை. அவள் வண்டி ஹாரனுக்குப் போயிற்று. முதல் நாளே அவன் இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டிருந்தான். அதைப் பார்த்த அவளுக்கு, வேறொருத்தி தன் வீட்டு அடுப்படியில் நின்று சமைப்பதைப் பார்த்ததுபோல இருந்தது. ஹாரன்மேல் எரிந்தாள். வண்டி ஓட்டிச் சம்பளம் வாங்குகிற எல்லா ஓட்டுநர்மேலும் எரிந்தாள். முன்பெல்லாம் தலைக்குமேல் விமானச் சத்தம் கேட்டால் குனிந்துகொள்வாள். இப்போது ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்தாள். 'இதில் அவள் இருப்பாளோ?' சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் பின்வாங்குகிற லாரியைக்கூட மறந்து நிற்பாள்.

கேப்டன் பயிற்சிக்குப் போகிற பெண்ணுக்கு அம்மா ஒரு விருந்து வைத்தாள். நல்ல தட்டுகளெல்லாம் மேஜைக்கு வந்தன. நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த சின்னவள், சிரித்த களைப்பில் ஒரு முறை நெஞ்சில் கைவைத்து மூச்சு வாங்கினாள். எல்லோரும் செய்கிறதுதான். பெரியவள் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ ஸ்கேன் எடுக்கணும்டி" என்றாள். தட்டுகளின் சத்தம் நின்றது. ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. லாரி டாக்டர், தடித்த சுவர், தூக்கத்தில் போன அப்பா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். வேலை மாறியதற்குக் காரணம் முதுகுவலி என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அந்தப் பொய்யும் சேர்ந்து உடைந்தது.

அம்மாவின் முகம் கறுத்தது. "சொல்றதுக்கு நாள் பார்த்தியாடி? நீ இறங்கிட்டேன்னா அவளையும் இறக்கணுமா? சின்ன வயசுல இருந்து அவ எதைத் தொட்டாலும் உனக்கு ஆகாது. இப்போ அவ நெஞ்சுலயே கைவைக்கறியா?"

"அம்மா, இது டாக்டர் சொன்னது..."

"வருஷா வருஷம் அவளுக்கு ஒயர் ஒட்டிப் பார்க்கறாங்க! உன் டாக்டர் என்ன, கடை மாடியில முழங்காலைத் தட்டறவன்!"

சின்னவள் எழுந்து நடைப்பக்கம் போனாள். பெரியவள் பின்னாலேயே ஓடினாள். குளியலறைக் கதவில் சாய்ந்து நின்ற சின்னவளின் கண்கள் சிவந்திருந்தன.

"ஏன்க்கா சொன்னே?"

"சொல்லாம எப்படிடி இருப்பேன்?"

"தெரியாத வரைக்கும் நான் நிம்மதியா ஏறலாம். இப்போ தெரிஞ்சுடுச்சு. மறைச்சுட்டு ஏறினா குத்தம். சொன்னா, ஸ்கேன் வர்ற வரைக்கும் கீழே உட்கார வச்சுடுவாங்க. பயிற்சியில என் இடம் வேற ஒருத்தருக்குப் போயிடும். சுவர் தடிச்சிருந்தா அத்தோட முடிஞ்சுது. இதெல்லாம் தெரிஞ்சுதானே சொன்னே?"

"தெரியும்."

"டாக்டர் சொன்னப்போ சந்தோஷமா இருந்துச்சா? உண்மையைச் சொல்லு."

பொய் சொல்லியிருக்கலாம். அக்காமார்களுக்குப் பொய்யா வராது? ஆனால் பெரியவள் தங்கையின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"இருந்துச்சு. ஒரு நொடி, இனிச்சுது. மூஞ்சியைக் கழுவிக் கழுவித் தோல்தான் போச்சு, அது போகலை. உன்மேல எனக்குப் பொறாமைதான்டி. உன் தொப்பிமேல, உன் கோடுமேல, நீ நடந்தா தெரு திரும்பிப் பார்க்குதே அதுமேல. உன் இதயத்துக்கு ஒயர் ஒட்டறாங்கன்னு அதுமேலகூடப் பொறாமைப்பட்டேன். அதனாலதான் என் வண்டியே போச்சு. போகட்டும். ஆனா நான் பொறாமைப்படணும்னா நீ உயிரோட இருக்கணும்டி! அப்பா மாதிரி நீ பாட்டுக்குத் தூங்கிட்டு எழுந்திரிக்காமப் போயிட்டா, நான் யாரைப் பார்த்துடி வயிறெரிவேன்? நான் கிழவியாகிற வரைக்கும் உன்னைப் பார்த்து எரியணும். எனக்கு அது வேணும்!"

சொல்லிவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். சின்னவள் அருகில் வந்து, அக்காவின் தலைக்கும் சுவருக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றாள்.

அன்றைக்கே மேலதிகாரியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். சொன்னபடியே கீழே உட்கார வைத்தார்கள். பயிற்சி இடம் இன்னொருவருக்குப் போனது. பெரியவளுக்கு மறுபடி இனிக்கிறதா என்று அவளே நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். கசந்தது.

ஸ்கேன் அறைக்கு வெளியே நீளமான நாற்காலி வரிசை. அம்மா ஒரு கோடியில், பெரியவள் மறு கோடியில். விருந்து நாளிலிருந்து அம்மா அவளோடு பேசுவதில்லை. உள்ளே சின்னவளின் நெஞ்சின்மேல் அந்தக் கருவி உருண்டுகொண்டிருக்கும். பெரியவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். 'நாலு கோடு என்ன, பத்துக் கோடு போட்டுக்கொள்ளட்டும். என் போட்டோ குளியலறைக்கு உள்ளேயே போகட்டும். சுவர் மட்டும் தடிக்காமல் இருக்கட்டும்.'

கதவு திறந்தது. சின்னவள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணும் இல்லையாம்க்கா. சரியான அளவுலதான் இருக்காம். நடுவுல நடுவுல திரும்ப எடுத்துப் பார்க்கணுமாம். இப்போதைக்கு நான் பறக்கலாமாம்."

அம்மா பாய்ந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பெரியவள் உட்கார்ந்தபடியே விம்மினாள். சின்னவள் அம்மாவை விலக்கிவிட்டு வந்து, அவள் முன்னால் குனிந்தாள். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். சற்று நேரம் கழித்து அம்மாவும் வந்து பெரியவளின் தலைமேல் கைவைத்தாள். கையை எடுக்கவே இல்லை.

அந்த அணைப்புக்குள்ளேயே, கண்ணீர் காய்வதற்கு முன்பே, பெரியவளின் அடிவயிற்றில் மெல்ல ஒரு கங்கு சிவந்தது. 'ஒரே அப்பா. ஒரே ரத்தம். இதயம்கூட அவளுக்கு நல்லதாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.'

"என்னக்கா, ஒரு மாதிரி பார்க்கறே?"

"உன் சுவர் எவ்வளவு கனம்னு சொன்னாங்க?"

சின்னவள் சொன்னாள்.

"எனக்கு அதுக்கு ரெண்டு மடங்கு" என்றாள் பெரியவள், மூக்கை உறிஞ்சியபடி.

"போதும்டி, இதுல வேற போட்டியா!" என்றாள் அம்மா. அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

வீட்டுக்குச் சின்னவள் காரை ஓட்டினாள். அம்மா பின்னால் சாய்ந்து தூங்கிப்போனாள். பெரியவள் பக்கத்து இருக்கையில். மேகத்துக்குள் ராட்சசப் பறவையை ஓட்டுகிறவள், சந்தைத் தெருவில் கியரைக் கரகரவென்று அரைத்தாள்.

"கிளட்சை முழுசா மிதிடி."

"மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"இந்த லட்சணத்துல விமானத்தை எப்படித்தான் இறக்கறியோ!"

"அங்கே குறுக்கே ஸ்கூட்டர் வராதுக்கா."

"பேசாம ரோட்டைப் பாரு. முன்னாடி பஸ் போகுது, பாரு, பாரு!"

"பார்த்துட்டேன்க்கா!"

பெரியவள் பக்கவாட்டில் திரும்பினாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தங்கையின் கைகளையே பார்த்தாள். மெல்லிய, சொன்னபடி கேட்கிற, நாளைக்கு மறுபடி உயரே போகப் போகிற கைகள். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸின் பின்விளக்கு சிவந்தபோது, பிரேக்கே இல்லாத தன் பக்கத்துத் தரையை அவள் வலது கால் முழு பலத்தோடு அழுத்தியது.